மஞ்சள் கடுதாசி: வக்கீல் இல்லாமல் ஐ.பி. மனு எழுதுகிறவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் ஒருவர் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்', அதாவது கடனைத் தீர்க்க வழியில்லை என்று கோர்ட்டில் நொடிப்பு மனு (ஐ.பி.) போட்டுவிட்டார் என்றால், இனி கடன்காரர் யாரும் அவரைத் தொட முடியாது என்றுதான் ஊர் நினைக்கிறது. அந்த நம்பிக்கையில் மனுவை அரைகுறையாக எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் கைது வாரண்டோடு கோர்ட் அமீனா வாசலில் நிற்கும்போது திகைத்துப் போகிறார்கள். ஐ.பி. மனு தாக்கல் செய்வதால் மட்டும் ஏலமும் நிற்காது, கைதும் நிற்காது. எது நிற்க வேண்டும், எந்தப் பிரிவின்படி நிற்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்பது தெளிவாக இல்லையென்றால் நீதிபதிக்கு இரக்கம் இருந்தாலும் உத்தரவு போட வழி இருக்காது.

வக்கீல் வைக்க வழியிருந்தால் வையுங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், புயல் வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் கிடைக்கும். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அப்படியும் தானே நடத்த வேண்டிய நிலை வந்தவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது.

எந்தச் சட்டம், எந்தக் கோர்ட்

விவசாயி, கடைக்காரர், சம்பளக்காரர் போன்ற தனிநபர்களுக்கு டெல்டா மாவட்டங்களில் இன்றும் நடப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் கிடைக்கும் 2016 சட்டத்தின் படிவத்தை நிரப்பி சப் கோர்ட்டில் கொடுத்தால் அது அப்படியே திரும்பி வரும்.

மனு போக வேண்டியது சார்பு நீதிமன்றத்துக்கு, அதாவது சப் கோர்ட்டுக்கு. 1920 சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடம், தொழில் செய்யும் இடம், உழைத்துச் சம்பாதிக்கும் இடம், காவலில் இருந்தால் அந்தக் காவல் உள்ள இடம் ஆகிய இவற்றில் ஒன்று அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்க வேண்டும். பாபநாசத்தில் ரேஷன் கார்டு இருந்தும் மூன்று வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர் கும்பகோணத்தில் மனுப் போட்டால், கடன் கொடுத்தவரின் வக்கீல் முதலில் இதைத்தான் கிளப்புவார். குடும்பம் எங்கே இருக்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறீர்கள், நிலத்தை யார் பார்க்கிறார்கள் என்பதை மனுவிலேயே ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்.

மனுப் போடத் தகுதி 10-ஆம் பிரிவில் இருக்கிறது. கடனைத் தீர்க்க இயலாத நிலை முதலில் வேண்டும். அதோடு, கடன் 500 ரூபாயாவது இருக்க வேண்டும், அல்லது பணம் கட்டச் சொன்ன கோர்ட் தீர்ப்பாணையை நிறைவேற்றும் நடவடிக்கையில் நீங்கள் கைதாகியிருக்க வேண்டும், அல்லது உங்கள் சொத்து அப்படி ஜப்தியாகி அந்த உத்தரவு இன்னும் நிலுவையில் இருக்க வேண்டும். மூன்றில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பலருடைய மனுவில் பத்துப் பக்கம் தேடினாலும் இந்த வாக்கியம் மட்டும் கிடைக்காது. தகுதி தெரியவில்லையென்றால் 25-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தாக வேண்டும்.

ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரே தொல்லை ஒரு கைது மனுதான் என்றால், தீர்ப்பாணையை நிறைவேற்றக் கடன் கொடுத்தவர் போட்ட அந்த நிறைவேற்று மனுவிலேயே எதிருரை போடுவது சுலபமான வழி. வசதி இருந்தும் கொடுக்க மறுக்கிறார், சொத்தை மறைக்கிறார், ஊரைவிட்டு ஓடப் பார்க்கிறார் என்பதுபோன்ற காரணம் நிரூபணமானால்தான் சிறைக்கு அனுப்பலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு. வெறும் ஏழ்மைக்காகச் சிறை கூடாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஐ.பி. போட்டால் சொத்து முழுவதும் கோர்ட் கைக்குப் போகும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

மனுவின் உடல்

தெளிவில்லாத மனுக்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் வாசகம் இது: 'வட்டிக்காரர்கள் என்னை வாழவிடாமல் செய்கிறார்கள். கனம் கோர்ட்டார் அவர்கள் தக்க நடவடிக்கை எடுத்து எனக்கு நீதி வழங்க வேண்டும்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் யார் அந்த வட்டிக்காரர், எவ்வளவு பாக்கி, எந்த வழக்கு, என்ன உத்தரவு வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கந்துவட்டிக் கொடுமைக்கு 2003-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அந்தப் புகாருக்கு வழி வேறு. ஐ.பி. மனுவில் அதைக் கலந்தால் இரண்டுமே கெடும்.

13-ஆம் பிரிவு என்னென்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையிலேயே எழுதுங்கள், சொந்த வரிசை வேண்டாம். கடன்களைத் தீர்க்க இயலவில்லை என்ற கூற்று முதலில். அடுத்து குடியிருப்பும் தொழிலும். அடுத்து கைது அல்லது ஜப்தி உத்தரவு இருந்தால் எந்தக் கோர்ட், தீர்ப்பாணை விவரம் என்ன. பிறகு எல்லாக் கடன்களும், கடன் கொடுத்தவர்களின் பெயரும் விலாசமும். பிறகு எல்லாச் சொத்துகளும், அவற்றின் மதிப்பும், இருக்கும் இடமும். சட்டம் விலக்கியவை நீங்கலாக மற்ற சொத்தைக் கோர்ட் வசம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற உறுதி. கடைசியில், இதற்கு முன் ஐ.பி. போட்டது உண்டா, உண்டென்றால் அது என்ன ஆயிற்று. இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். அந்தப் பத்தியையே விட்டுவிட்டால் அது குறைபாடு.

பத்திகளுக்கு எண் போடுங்கள். ஒரு பத்தியில் ஒரு சங்கதி. தேதியும் தொகையும் இலக்கத்திலும் எழுத்திலும்: ரூ. 3,40,000/- (ரூபாய் மூன்று லட்சத்து நாற்பதாயிரம்). முடிவில் மெய்ப்புரை: எந்த எண் பத்திகள் நேரடியாகத் தெரிந்தவை, எவை கேள்விப்பட்டு உண்மையென நம்புபவை என்று பிரித்து, ஊரும் தேதியும் போட்டுக் கையெழுத்து. 'மேற்கண்ட யாவும் உண்மை' என்று மொத்தமாக எழுதுவது நிறையப் பேர் செய்யும் தவறு. தமிழிலேயே எழுதலாம். கீழ்க் கோர்ட்டுகளில் அதற்குத் தடை இல்லை. நன்றாக வரும் தமிழை விட்டுவிட்டுத் தெரியாத ஆங்கிலத்தில் எழுதுவதால்தான் பாதி மனுக்கள் புரியாமல் போகின்றன.

துயரத்தைச் சொல்லவே கூடாதா என்றால், அதற்கும் இடம் இருக்கிறது. நொடித்துப் போனதற்கான காரணம் என்று ஒரு பத்தி எழுதுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை போனவர்கள் எத்தனை மரம், எந்த சர்வே எண், நிவாரணம் எவ்வளவு வந்தது என்று எழுதலாம். சம்பா கதிர் விடும் நேரத்தில் மூழ்கியவர்கள் எந்த வருஷம், எத்தனை மா என்று எழுதலாம். பின்னாளில் கடன்களிலிருந்து விடுவிப்புக் கேட்கும்போது இது உயிரான பத்தி. சொத்தின் மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுகூட இல்லையென்றால், உங்கள் பொறுப்பில் வராத காரணத்தால்தான் அப்படி ஆனது என்று காட்டினாலொழிய முழு விடுவிப்புத் தரக்கூடாது என்கிறது 42-ஆம் பிரிவு. அடங்கல் நகல், நிவாரணப் பட்டியல் இரண்டையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் பட்டியல்

கட்டம் போட்டு எழுதுங்கள். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், கதவு எண்ணோடு விலாசம், கடன் வாங்கிய தேதி, அசல், இன்று அவர் கேட்கும் தொகை, நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகை, ஆதாரம் (புரோநோட், செக், கைமாத்து, சீட்டு), ஈடு உண்டா, வழக்கு எண். கேட்கும் தொகைக்கும் ஒப்புக்கொள்ளும் தொகைக்கும் தனித்தனிக் கட்டம் மிக முக்கியம். உங்கள்மேல் கோரப்படும் எல்லாத் தொகைகளையும் சொல்லத்தான் சட்டம் கேட்கிறது. 50,000 வாங்கி 80,000 கட்டியாகிவிட்டது, எனவே கடனே இல்லை என்று ஒருவரைப் பட்டியலில் விட்டுவிட்டால், அவர் கோர்ட்டுக்கு வந்து 'என்னை மறைத்துவிட்டார்' என்பார். அவரையும் சேர்த்து, ஒப்புக்கொள்ளும் தொகை என்ற கட்டத்தில் 'இல்லை, செலுத்தியாகிவிட்டது' என்று எழுதுங்கள்.

சொந்தக்காரரிடம் வாங்கியதை வெட்கப்பட்டு விடுவதும், மச்சானுக்குப் பொய்யாகக் கடன் எழுதிக் கொடுப்பதும் ஒரே அளவு ஆபத்து. மகளிர் குழுக் கடன், நகைக்கடன், சொசைட்டிக் கடன் எல்லாம் வர வேண்டும். சொசைட்டியில் நிலுவைச் சான்று வாங்கி எழுதுங்கள். 2021-இல் தள்ளுபடியான பயிர்க்கடனைப் பாக்கி என்று எழுதினால் பட்டியல் முழுவதன் மேலும் சந்தேகம் விழும்.

ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவரின் உரிமையை ஐ.பி. தொடாது. 28-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. அடமான நிலத்தின் ஏலத்தை நிறுத்த ஐ.பி.யை நம்பாதீர்கள். உங்களுக்காக ஜாமீன் போட்டவரும் உங்கள் விடுவிப்பால் தப்ப மாட்டார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

சொத்துப் பட்டியல்

டெல்டாவில் குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். பேச்சு வழக்கில் மா, குழி, வேலி. பட்டாவில் ஹெக்டேர், ஏர். இரண்டையும் எழுதுங்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், அதாவது சுமார் 13.4 ஏர். 'அஞ்சு மா நஞ்சை' என்று மட்டும் எழுதினால், உங்கள் சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமிக்கும் ரிசீவரால் எதையும் அடையாளம் காண முடியாது. கிராமம், பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, இன்றைய மதிப்பு ஆகியவற்றோடு வில்லங்கச் சான்றையும் இணையுங்கள்.

கோயில் அல்லது மடத்து நிலத்தில் குத்தகைச் சாகுபடி செய்பவர்கள் அந்த நிலத்தைச் சொந்தம் என்று எழுதிவிடக் கூடாது, எழுதாமல் விட்டுவிடவும் கூடாது. குத்தகை உரிமை, யாரிடமிருந்து, குத்தகைப் பாக்கி எவ்வளவு என்று எழுதுங்கள். அந்தப் பாக்கி கடன் பட்டியலிலும் வரும். வீடும் அப்படித்தான்: அடிமனை கோயிலுக்கு, மேல்கட்டு உங்களுக்கு என்றால் அதையே எழுதுங்கள். பிரியாத குடும்பச் சொத்தில் உங்கள் பங்கு எத்தனையில் ஒன்று என்பதும் வேண்டும்.

மனுத் தேதியில் வயலில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குறுவை அறுப்பா, தாளடி நடவா, சம்பா பால் பிடிக்கும் நிலையா, தரிசா என்று ஒரு வரி போதும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வர வேண்டிய பணம், பயிர்க் காப்பீடு, கட்டிவரும் சீட்டு, சொசைட்டிப் பங்குத் தொகை, அடகு நகை ஆகியவையும் சொத்துதான்.

விலக்கு உள்ளவற்றைத் தனிப் பட்டியலாக எழுதி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவின்படி விலக்குக் கோருகிறேன் என்று குறிப்பிடுங்கள். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்கு அவசியம் என்று கோர்ட் கருதும் மாடுகளும் விதைநெல்லும், விவசாயி தானே குடியிருக்கும் வீடு ஆகியவை அதில் வரும். வங்கி ஈட்டில் இருக்கும் டிராக்டரை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கடந்த 2 ஆண்டுகளில் மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ எழுதிவைத்த தான செட்டில்மெண்ட் இருந்தால் மறைக்காதீர்கள். 53-ஆம் பிரிவின்படி ரிசீவர் அதை ரத்து செய்யக் கேட்கலாம். கடைசி 3 மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததையும் 54-ஆம் பிரிவு தொடும். நீங்களே சொன்னால் அது ஒரு சங்கதி. வில்லங்கச் சான்றில் கடன்காரர் கண்டுபிடித்துச் சொன்னால் அது மோசடி என்று பெயராகும். வேண்டுமென்றே மறைத்ததாக நிரூபணமானால் 69-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையும் உண்டு.

இடைமனு: ஒரு மனு, ஒரு பிரிவு, ஒரு கோரிக்கை

'எல்லா வழக்குகளையும் நிறுத்தி, என்னைக் கைது செய்யாமலும், நிலத்தை ஏலம் விடாமலும், போலீஸ் பாதுகாப்பும் தந்து...' என்று ஒரே இடைமனுவில் (ஐ.ஏ.) நாலு கோரிக்கை வைத்தால், ஒன்று சரியாக இருந்தும் மொத்தமும் திரும்பும். கோரிக்கைக்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு பிரமாண வாக்குமூலம் என்று பிரியுங்கள். அடுத்த கேள்வி எந்த நேரத்தில் எது என்பது. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

29-ஆம் பிரிவின் வழக்கு நிறுத்தமும் 31-ஆம் பிரிவின் கைதுப் பாதுகாப்பு உத்தரவும், நீங்கள் நொடித்தவர் என்று ஐ.பி.யில் தீர்ப்பான பிறகு கேட்க வேண்டியவை. மனுப் போட்ட மறுநாளே இவற்றைக் கேட்டால் 'முதிராத மனு' என்று தள்ளுபடியாகும்.

தீர்ப்புக்கு முன் கேட்கக் கூடியவை வேறு. கைதாகி உள்ளே இருந்தால் 23-ஆம் பிரிவு, பிணையின் பேரில் விடுதலை. கைதாகிக் கோர்ட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அன்றே, நொடிப்பு மனுப் போடப் போகிறேன் என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் போடுவேன் என்று பிணை கொடுத்தால், நிறைவேற்றும் கோர்ட்டே உங்களை விடலாம். இது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 55-ஆம் பிரிவு. ஒரு மாதத்தைத் தவறவிட்டால் பிணை போகும்.

ஜப்தியான சொத்து ஏலத்துக்கு வருகிறது என்றால் படி இதுதான். ஐ.பி. மனுவுக்கு எண் போடப்பட்டு அது ஏற்கப்பட வேண்டும். 20-ஆம் பிரிவில் இடைக்கால ரிசீவர் நியமனம் கேளுங்கள். கடனாளியே போட்ட மனுவில் வழக்கமாக நியமித்தாக வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. அந்த இரண்டு உத்தரவின் சான்றிட்ட நகலோடு ஏலம் விடும் கோர்ட்டுக்குப் போய், மெமோ மூலம் ஐ.பி. ஏற்கப்பட்டதைத் தெரிவித்து, 52-ஆம் பிரிவில் சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்க மனுக் கொடுங்கள். ஐ.பி. நடக்கும் கோர்ட்டில் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் ஏலக் கோர்ட்டுக்குத் தானாகத் தெரியாது. நல்லெண்ணத்தோடு ஏலம் எடுத்தவரின் உரிமையைச் சட்டம் காப்பாற்றுகிறது. எனவே ஏலத்துக்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும்.

இடைமனுவின் வாக்குமூலம் ஒரு பக்கத்துக்குள் முடியலாம். மாதிரி:

'1. நான் மேற்படி ஐ.பி.யின் மனுதாரர். விவரங்கள் எனக்கு நேரடியாகத் தெரியும்.
2. 1-ஆம் எதிர்மனுதாரர் அசல் வழக்கு எண் ____-இல் ரூ. ____-க்குத் தீர்ப்பாணை பெற்றுள்ளார்.
3. நிறைவேற்று மனு எண் ____-இல் ____ தேதியில் நான் கைது செய்யப்பட்டு ____ சிறையில் உள்ளேன்.
4. இந்த ஐ.பி. ____ தேதியில் ஏற்கப்பட்டது. அடுத்த வாய்தா ____.
5. எனக்குப் பிணை தரக்கூடியவர் ____.
ஆகவே, 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் பிரிவு 23-இன்படி, இந்த நீதிமன்றம் விதிக்கும் பிணையின் பேரில் என்னை விடுவித்து உத்தரவிட வேண்டுகிறேன்.'

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். கைநாட்டு வைப்பவராக இருந்தால், படித்துக் காட்டிப் புரியவைத்தேன் என்று சான்றொப்பம் இடுபவர் எழுதியிருக்க வேண்டும்.

தாக்கலும் வாய்தாவும்

அசல் ஒன்று, எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல், உங்களுக்கு ஒன்று. உங்கள் நகலில் தாக்கல் முத்திரை வாங்குங்கள். தீர்ப்பு எப்போது வந்தாலும் அதன் விளைவு மனுக் கொடுத்த தேதியிலிருந்தே கணக்காகும். குறைபாடு சொல்லித் திருப்பினால் பயப்பட வேண்டாம். என்ன குறை என்று மனுவிலேயே எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரிசெய்யப்பட்டது, பத்தி 4' என்பதுபோல் பதில் எழுதிக் குறித்த நாளுக்குள் மீண்டும் கொடுங்கள். நாள் கடந்தால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு வேண்டும். பிரிவு எழுத்தரிடம் எந்தக் குறை என்று கேட்கலாம். ஜெயிக்குமா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

கடன்காரர் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் அனுப்பும் செலவான பேட்டா கட்ட வேண்டும். 14 பேர் பட்டியலில் இருந்தால் 14 பேருக்கும். ஒருவருக்குக் கட்டாமல் விட்டால் வழக்கு அங்கேயே நிற்கும். விலாசம் தவறி நோட்டீஸ் திரும்பினால் புது விலாசத்தோடு மெமோ போடுங்கள். வாய்தா அறுவடை நாளில் விழுந்தாலும் போயாக வேண்டும். முடியவே முடியாதென்றால் முன்கூட்டியே மனுக் கொடுங்கள். பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டும் ஆளில்லை என்றால் தள்ளுபடிதான்.

விசாரணையில், கடனைத் தீர்க்க இயலாது என்பதற்கு மேலோட்டமான ஆதாரம் காட்டினாலே போதும் என்று 24-ஆம் பிரிவு கடனாளிக்குச் சலுகை தருகிறது. வருமானம், செலவு, சொத்து, கடன் நான்கையும் ஒரே தாளில் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நொடித்தவர் என்று தீர்ப்பானால், விடுவிப்புக்கு எந்தத் தேதிக்குள் மனுப் போட வேண்டும் என்று அந்த உத்தரவிலேயே இருக்கும். அதைச் சுவர்க் காலண்டரில் குறியுங்கள். தவறவிட்டால் தீர்ப்பே ரத்தாகும். பிறகு கோர்ட் அனுமதியில்லாமல் மறுபடி ஐ.பி. போட முடியாது. விடுவிப்புக் கிடைக்கும்வரை 50 ரூபாயோ அதற்கு மேலோ யாரிடம் கடன் வாங்கினாலும் விடுவிக்கப்படாத நொடித்தவர் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்குவது குற்றம். அரசுக்குத் தர வேண்டிய பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும்.

சப் கோர்ட் உத்தரவின்மேல் அப்பீல் மாவட்ட நீதிமன்றத்துக்கு, 30 நாளைக்குள். அதற்கும் மேலே போக நேர்ந்தால் தஞ்சாவூர் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்கும் போக வேண்டும்.